எங்கட பிரெஸ்

பிரெஸ் பூட்டிய அன்று நிலவறையில் நின்றவர்கள்.

அவர். வாயில் இரண்டு திருகாணி, கையில் இரண்டு.

அக்கா, அவருடைய மனைவி. படியில் நின்றார். கீழே இறங்கவில்லை.

ரூடி. இளைப்பாறிய கடைச்சல்காரர். கிராமத்துச் சூட்டுக் கழகத்தில் பழைய ஆள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.

நான். பலகை ஆடாமல் பிடித்திருந்தேன்.

சுவிஸில், ஷாஃப்ஹவுசனுக்குப் பக்கத்துக் கிராமம் அது. நாலு மாடிக் கட்டடம். அவர்கள் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறையில் மரச் சட்டம் அடித்த சிறு அறை உண்டு. அதில் ஆட்கள் உருளைக்கிழங்கும் பனிச்சறுக்குக் கட்டைகளும் வைப்பார்கள். அவர் தோட்டா நிரப்பும் பிரெஸ் வைத்தார்.

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துப்பாக்கி சுட்டதும் பித்தளைக் கோது மிஞ்சும். சூட்டில் அது கொஞ்சம் வீங்கியிருக்கும். பிரெஸ்ஸில் வைத்துப் பிடியை இழுத்தால் கோது அச்சுக்குள் ஏறிப் பழைய அளவுக்கு வரும். பிறகு வெடிமருந்தும் சன்னமும் வைத்தால் மறுபடி தோட்டா. தன் பாவனைக்கென்று செய்ய இந்த நாட்டில் அனுமதி உண்டு.

அவருடைய பிரெஸ் அலுமினியம். பழைய சாமான் சந்தையில் வாங்கியது. கொக்கி மாதிரி, முன்பக்கம் வாய் திறந்த வடிவம். ரூடி பெருவிரலை அந்த வாயில் வைத்து, "இழு" என்றார். ரூடி கதைப்பது டொய்ச், ஜெர்மன் மொழி. எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

அவர் இழுத்தார்.

"வாய் திறக்குது. இது பிரெஸ் இல்லை. வால்நட் உடைக்கிற சாமான்."

"வளையும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வளையும். பிறகென்ன குறை?"

"ஒரே அளவு எண்டு ஆர் சொன்னது?"

"எங்கட பிரெஸ். எனக்குத் தெரியும்."

அவர் இதை இரண்டு மொழியிலும் சொன்னார். படியில் நின்ற அக்காவுக்கு அதில் தமிழ்ப் பாதியே போதுமாயிருந்தது.

"வாங்கி ஒரு மணித்தியாலம் ஆகேல்லை. அதுக்குள்ளை எங்கட பிரெஸ்" என்று சொல்லிவிட்டு அக்கா மேலே போனார்.

அவர் அப்படித்தான். நான் அண்ணை என்று கூப்பிடுவேன். மன்னார்ப் பக்கம். பத்து வயது என்னைவிட மூத்தவர். ஒரு சாமானுக்கு 'எங்கட' என்ற சொல்லைப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு அதில் குறை கிடையாது. நீங்களும் சொல்லக்கூடாது.

அவருடைய காரில் பின் இடது கண்ணாடி இறங்காது. மாதா கோயில் யாத்திரைக்கு ஆடி மாதத்தில் போனோம். அந்தப் பக்கம் இருந்தது நான். சட்டை முதுகில் ஒட்டிப்போயிற்று.

"அண்ணை, இதைத் திருத்தினால் என்ன?"

"அந்தப் பக்கம் வெயில். திறந்தால் வெக்கைதான் வரும். எங்கட கார் ஆளைப் பார்த்துத்தான் வேலை செய்யும்."

அக்கா முன்னால் இருந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் சட்டையை முதுகிலிருந்து இழுத்துவிட்டேன்.

ஒரு நாள் அக்கா மீன் குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டார். கோயில் ஆட்கள் நாலைந்து பேர் சாப்பிட வந்திருந்தார்கள். எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். அவர் மட்டும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

"கடல் பக்கத்து ஆக்கள். எங்களுக்கு இது அளவு."

வந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கோப்பைகளைக் கழுவும்போது என்னிடம் சொன்னார். "தம்பி, நல்லாச் சமைச்சாலும் நல்லா இருக்கு. கெட்டுப்போனாலும் நல்லா இருக்கு. இவரிட்டை நல்ல பேர் எடுத்து நான் என்ன செய்யிறது?"

அப்போது எனக்கு அது விளங்கவில்லை. மனிதர் பெண்சாதியைக் குறை சொல்லாமல் இருந்தால் அது நல்லதுதானே என்று நினைத்தேன்.

மகனுடைய விஷயத்தில் விளங்கியது. பெடியன் தொழில் பழகப் போன இடத்தில் இரண்டு தரம் விலகினான். பகல் முழுக்கப் படுத்துக் கிடந்தான். அக்கா சத்தம் போட்டார். அவர் ஒரு சொல் சொல்லவில்லை. "எங்கட பெடியன். தன்ர வழி கண்டுபிடிப்பான்." அவ்வளவுதான். பெடியன் ஒரு நாள் என்னிடம் சொன்னான். "மாமா, அப்பா ஒரு தரம் ஏசினாரெண்டால் நான் எழும்பியிருப்பன்." பிறகு அவன் பாசல் நகரத்துக்குப் போய் ஒரு வேலையில் நின்றுவிட்டான். நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அந்த இரண்டு வருடமும் அந்த வீட்டுக்குள் போக எனக்குப் பயமாக இருந்தது. அவர் அத்தனை அமைதி.

சூட்டுக் கழகத்துக்கு அவர் போனது சுடுவதற்கு இல்லை. குடியுரிமை கேட்டபோது, ஊரில் ஏதாவது சங்கத்தில் இருக்கிறாயா என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்தது அதுதான். குடியுரிமை கிடைக்கும்வரை எங்கள் நாட்டு ஆட்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்க இங்கே சட்டம் இடம் கொடுக்காது. அதனால் ஐந்து வருடம் அங்கே இறைச்சி வாட்டினார், மேசை துடைத்தார். பாஸ்போர்ட் வந்த பிறகுதான் துப்பாக்கியைத் தொட்டார்.

கோயிலில் கதைத்தார்கள். சண்டைக்குத் தப்பி ஓடி வந்த ஆளுக்கு இது என்ன விளையாட்டு என்றார்கள். ஒருவர் நேரே கேட்டார்.

"உங்களுக்கு வேற பொழுதுபோக்கு கிடைக்கேல்லையோ?"

"எங்கட சங்கம் நல்ல சங்கம். அங்கை அட்டையைத்தான் சுடுறது."

கழகத்திலும் ஒருத்தன் தமிழரைப் பற்றி ஏதோ சொன்னானாம், சத்தமாகக் கதைக்கிறார்கள் என்று. அவனுக்கும் பதில் இருந்தது. "எங்கட சனத்துக்குத் தூரத்திலை இருக்கிற ஆக்களோடையும் கதைச்சுப் பழக்கம்." இரண்டு பக்கமும் அவருக்கு எங்கட.

அரசு நடத்தும் போட்டிகளில் கழகம் தரும் தோட்டாதான். இலையுதிர் காலத்தில் கழகம் தனக்குள் ஒரு போட்டி வைக்கும். அதில் மட்டும் சொந்தமாக நிரப்பிய தோட்டாவும் பாவிக்கலாம். முந்நூறு மீற்றர். பத்துச் சூடு, சூட்டுக்குக் கூடியது பத்துப் புள்ளி. அவர் மூன்று முறை சுட்டார். தொண்ணூறைத் தொட்டதில்லை. ரூடி தொண்ணூறுக்குக் கீழே போனதில்லை.

ரூடியின் வீட்டில் வார்ப்பிரும்பு பிரெஸ் இருந்தது. மூடிய சட்டம், பெரிய பூட்டுத் துவாரம் மாதிரி. அதைத் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். "வா, வந்து ஒரு கோது போட்டுப் பார்" என்று வருடா வருடம் கூப்பிட்டார். இவர் போகவில்லை.

"எங்களிட்டை ஒண்டு இருக்கேக்கை பிறகேன்?"

வளைகிற பிரெஸ்ஸை வைத்துக்கொண்டு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கோது ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சம் இறுகும். இறுகிய கோது கூடுதலாக எதிர்க்கும், பிரெஸ் கூடுதலாக வாய் திறக்கும், கோது ஒரு மயிரிழை நீளமாக நிற்கும். புதிய கோது இறுகாதது, மெதுவானது. அது கட்டையாகப் போகும். ஆகவே அவர் மூன்று பிஸ்கற் தகரப் பேணி வைத்திருந்தார். ஒரு தரம் சுட்டது ஒன்றில், இரண்டு தரம் சுட்டது ஒன்றில், மூன்று தரம் சுட்டது ஒன்றில். ஒரு பேணிக்குள் எல்லாம் ஒரே இறுக்கம். ஒரே இறுக்கம் என்றால் ஒரே வளைவு. அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. பேணி மாறாதவரை அந்தப் பிரெஸ் ஒரே மாதிரித்தான் வளைந்தது.

மூன்றாவது போட்டியில் ஒரு கோது பேணி மாறிவிட்டது. நாலாவது சூட்டில் தோட்டா முழுதாக உள்ளே போகவில்லை. தோட்டாவை அடைக்கும் துப்பாக்கிப் பூட்டைத் தள்ளினார். பாதியில் நின்றது. இழுத்தார். அதுவும் வரவில்லை. மருந்து உள்ள தோட்டா, குழலுக்குள் இறுகி நிற்கிறது. சூட்டுத் திடலில் எல்லாரையும் நிறுத்தினார்கள். வரிசையில் படுத்திருந்த அத்தனை பேரும் துப்பாக்கியை வைத்துவிட்டு எழும்பினார்கள். ரூடிதான் வந்து மெதுவாகக் கழற்றினார்.

திடல் பொறுப்பு ஒரு பெண். மாடு வளர்ப்பவர், குரல் பெரியது. அன்று மெல்லத்தான் சொன்னார்.

"இன்னொரு முறை இப்பிடி நடந்தால் உனக்கு இனி கழகத் தோட்டா மட்டும்தான்."

ரூடி இவருடைய தோளைத் தட்டி, "அந்த வால்நட் சாமான்" என்றார்.

"பிரெஸ்ஸிலை பிழை இல்லை. என்ர கை."

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "கழகத் தோட்டாவோடையே சுடலாம்தானே அண்ணை. என்ன குறையுது?"

கியரை மாற்றினார். பிறகு சொன்னார். "நான் பாண் தொழிற்சாலையிலை பத்தொன்பது வருசம். ஒரு பாண் என்ர கையிலை பட்டதில்லை. ஒரு பக்கம் மா போகுது, மற்றப் பக்கம் பெட்டி வருது. இது ஒண்டுதான் நான் தொடக்கத்திலை இருந்து முடிவுமட்டும் செய்யிறது. அதையும் வாங்கிப்போட்டால் பிறகு நான் இறைச்சி வாட்டுற ஆள்தான்."

அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை.

அடுத்த வருடப் போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான் அது நடந்தது.

நான் வேலையால் வருகிறேன். கீழ் வீட்டுச் சுவிஸ்காரி நாயோடு புல்லில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் பார்த்தேன். மூன்றாம் மாடி பல்கனியில் வெள்ளைக் கட்டில் விரிப்பு. அதன்மேல் தோட்டாக் கோதுகள், நூற்றுக்கணக்கில். வெயிலில் பொன் மாதிரி மினுங்குகின்றன.

"அது என்ன?" என்று கேட்டார்.

"பித்தளை" என்றேன்.

அவருக்கு அது போதவில்லை. நான் மேலே ஓடினேன்.

அக்கா கையில் தும்பும் புளியுமாக நின்றார். கோயில் திருநாள் வருகிறது. வீட்டுப் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டு மினுக்கியிருக்கிறார். புளி மிஞ்சியது. நிலவறைக்குப் போய் மூன்று பேணியையும் தூக்கி வந்து ஒரே வாளியில் கொட்டி, தேய்த்து, அலசி, காயப்போட்டுவிட்டார். அக்கா அந்த நிலவறைக்குள் இறங்கியது அதுதான் முதல் தரம்.

"இந்த முறை நானும் வாறன் எண்டு சொல்லிப்போட்டன் தம்பி. கறுத்த சாமானோடை போய் வெள்ளைக்காரருக்கு முன்னாலை படுக்கப் போறாரோ? பார், எப்பிடி இருக்கு."

நான் பேணிகளைத் தேடினேன். பேணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. வெறும் பேணி.

அவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். பல்கனிக் கதவில் நின்றார். பேணிகளைப் பார்த்தார். விரிப்பைப் பார்த்தார். குனிந்து ஒரு கோதை எடுத்து உருட்டிப் பார்த்தார். கறுப்பாக இருந்தபோதே எது எத்தனை தரம் சுட்டது என்று பேணிதான் சொல்லும். இப்போது எல்லாம் ஒரே நிறம்.

"நல்லா மினுங்குது" என்றார்.

"உண்மையோ?"

"உண்மைதான்."

"உப்புக்கும் இதைத்தான் சொன்னனீங்கள்."

அக்கா வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முகம் நன்றாக இல்லை.

அன்று பின்னேரம் நிலவறையில் அவரும் நானும். அவரிடம் ஒரு சிறு இரும்புக் குழல் உண்டு. அச்சில் ஏற்றிய கோதை அதற்குள் விட்டால் விளிம்போடு சமனாக நிற்க வேண்டும். நகத்தால் தடவினால் தெரியும். முதல் கோது சமன். இரண்டாவது தலை நீட்டியது. மூன்றாவது பள்ளம். நாலாவது மறுபடி தலை நீட்டியது. அச்சைக் கீழே இறக்கினார். தலை நீட்டியது சரியாயிற்று, மெதுவானது இன்னும் பள்ளமாயிற்று. ஏற்றினார். இறக்கினார். பிடியை இழுக்கும்போது அந்த வாய் திறப்பதை நானே கண்ணால் பார்த்தேன்.

"அண்ணை, அக்காட்டைச் சொல்லிப்போட்டு இந்த வருசம் விடுங்கோ."

"என்னெண்டு சொல்லுறது?"

"பேணி கலந்துபோச்சு எண்டு."

"அப்ப அவள் கெடுத்தது எண்டு வரும்."

"இல்லாட்டி இதையே கொண்டுபோய்ச் சுடுங்கோ."

"சிக்கும்."

முழங்கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு இருந்தார். பிரெஸ்ஸின் தலையில் கை வைத்திருந்தார், மாட்டைத் தடவுகிறமாதிரி. நான் மேலே போய்விட்டேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து என் கதவைத் தட்டினார். கையில் பை, கனத்தது. பின்னால் அக்கா, கோட்டுப் போட்டுக்கொண்டு.

"ரூடி வீட்டை போறம். வாறியோ?"

"அக்காவுமோ?"

"நான் மினுக்கினது. நான்தான் கொண்டுபோவன்" என்றார் அக்கா. ஏன் போகிறோம் என்று அக்காவுக்கு இன்னும் தெரியாது.

ரூடி கதவைத் திறந்தார். பையைத் திறந்து பார்த்தார். சிரித்தார். "இதென்ன, நகைக்கடையோ? ஆர் செய்தது?"

"என் மனைவி."

"எதாலை?"

அக்காவின் டொய்ச் எங்கள் இருவருடையதையும்விட நல்லது. முதியோர் இல்லத்தில் வேலை. புளியை விளக்கினார். ரூடி ஒரு கோதை விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். அதிக நேரம் ஊறினால் பித்தளை சிவந்து கெட்டுப்போகுமாம். இது மஞ்சளாகவே இருந்தது. "நல்லது. ஊறவிடேல்லை. ஆனால் உன்ர மூண்டு பேணி?"

அவர் பையின் வாயை மூடினார்.

"எல்லாம் கலந்ததோ?" ரூடியின் சிரிப்பு நின்றது. "போட்டி சனிக்கிழமை. எறி இதை. என்னட்டைப் புதுக்கோது இருக்கு, தாறன்."

"எறியேலாது."

அக்காவுக்கு விளங்கிவிட்டது. தமிழில் திரும்பினார். குரல் மாறியிருந்தது.

"இங்கை பாருங்கோ. உண்மை சொல்லுங்கோ. நான் கெடுத்துப்போட்டனோ?"

அவர் அக்காவைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு கோதை எடுத்தார்.

"கோதிலை ஒண்டும் இல்லை. எங்கட பிரெஸ்தான் கூடாது."

பிறகு ரூடியிடம் அதையே டொய்ச்சில் சொன்னார். "என்ர பிரெஸ் நல்லதில்லை. அது வளையுது. உன்ரயை ஒரு பின்னேரம் தருவியோ?"

நாலு வருடம் ரூடி அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தவர். வால்நட் பற்றி ஏதாவது வரும் என்று நான் பார்த்தேன். வரவில்லை. மேசையில் கிடந்த தன் சாமான்களை ஒதுக்கினார். கதிரை ஒன்றை இழுத்து அக்காவுக்குப் போட்டார்.

அந்தப் பிரெஸ்ஸின் பிடி கீழே வந்து நிற்கும் இடம் கல்லில் முட்டுகிற மாதிரி. அதற்கப்பால் ஒரு மயிரும் போகாது. இறுகிய கோதோ மெதுவான கோதோ, பிடி அதே இடத்தில்தான் நின்றது. என்னையும் ஒன்று இழுக்க விட்டார்கள். கையில் ஒரு நெளிவும் தெரியவில்லை. அக்கா குழலில் ஒவ்வொன்றாக விட்டு நகத்தால் தடவினார். சரி என்றால் வலது பக்கம், சரியில்லை என்றால் இடது பக்கம். இடது பக்கம் மிகக் கொஞ்சம்தான்.

"இது?" என்று ஒன்றைக் காட்டினார் அக்கா.

அவர் வாங்கித் தடவினார். "கூடாது" என்றார்.

அக்கா அதை இடது பக்கம் வைத்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போயிற்று. அவருடைய வாயிலிருந்து கூடாது என்ற சொல்லை வாங்க அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வருடம் சென்றிருக்கிறது.

இப்போது அவர்கள் பாசலில், மகனுக்குப் பக்கத்தில். வருடத்துக்கு ஒரு தரம் தொலைபேசி. போன முறை அக்கா சொன்னார், "புட்டு மா கூட அவிஞ்சுபோச்சு எண்டு ஏசுறார் தம்பி." முறைப்பாடு மாதிரித்தான் சொன்னார். முறைப்பாடு இல்லை.

அந்த வருடப் போட்டி, சனிக்கிழமை பிற்பகல். அக்கா மொத்தமான குளிர்க் கோட்டு, காதுமூடி, கைப்பை. எனக்குப் பக்கத்தில் நின்றார். திடல் பொறுப்புப் பெண் அண்ணைக்கு நேர் பின்னால் வந்து நின்றார். போன வருடத்தை மறக்கவில்லை என்று தெரிந்தது.

அவர் படுத்தார். பத்துத் தோட்டாவையும் மரப்பெட்டியில் வரிசையாக வைத்தார். வரிசையில் மற்றவர்களுடையது எல்லாம் மங்கல். அவருடையது மட்டும் தூரத்துக்கே தெரிந்தது.

நான் புள்ளி காட்டும் திரையைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கையைப் பார்த்தேன். பூட்டு முன்னே போயிற்று. மடங்கிற்று. சுட்டார். இரண்டாவது. மூன்றாவது. நாலாவதில் அக்கா என் கையைப் பிடித்தார். பூட்டு முன்னே போயிற்று. மடங்கிற்று. இரண்டாம் தள்ளல் இல்லை. ஏழாவதில் திடல் பொறுப்புப் பெண் அடுத்த ஆளிடம் நகர்ந்தார். பத்தாவது கோது வெளியே விழுந்து சீமெந்தில் உருண்டது.

அவர் உடனே எழும்பவில்லை. ரூடி இரண்டு இடம் தள்ளிப் படுத்திருந்தவர், தலையைத் திருப்பி அவருடைய திரையைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி தன் துப்பாக்கிக்குத் திரும்பினார்.

அக்கா காதுமூடியை ஒரு பக்கம் தூக்கினார்.

"எவ்வளவாம்?"

அவர் முழங்காலில் எழும்பி, திரையை ஒரு தரம் சரிபார்த்துவிட்டுச் சொன்னார்.

"தொண்ணூற்று மூண்டு."